பாஸ்போர்ட்டைக் காயவைத்தல்

கிள்ளானிலிருந்து வருகிறேன் என்றதும்
பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரர் கேட்டார்:
"பூர்வீகம் எந்த ஊரு?"
தெரியாது என்றேன்.
தேடவும் வரவில்லை என்றேன்.
பிறகு எதற்கு இவ்வளவு பெரிய பை என்பதுபோல் பார்த்துவிட்டு
திருத்துறைப்பூண்டி வரை தூங்கினார்.

பதினோரு கிலோ.
கூடாரம், கொசுவலை,
கிராபியில் வாங்கிய தண்ணீர் புகாத உறை.
புகாது என்று சொல்லித்தான் விற்றார்கள்.

முத்துப்பேட்டைக்குக் கீழே
காவிரி தன் பெயரைச் சொல்லிக்கொள்வதில்லை.
கோரையாறு என்கிறார்கள், பாமணியாறு என்கிறார்கள்,
படகேறிக் கொஞ்ச தூரம் போனால்
எல்லாம் ஒரே பழுப்பு.
"கடைமடை" என்றார் நெய்னா முகம்மது,
மோட்டார் கயிற்றை இழுத்தபடி.
"மேட்டூரு தொறந்தா கடைசியாத்தான் எங்களுக்குத் தெரியும்.
வெள்ளம்னா மட்டும் மொதல்ல."

இருபுறமும் அலையாத்திகள்
மூச்சுவிட வேர்களை மேலே நீட்டியிருந்தன,
சேற்றில் நட்ட பென்சில்கள்.
தில்லை மரத்தைத் தொடாதீங்க, பால் பட்டா கண்ணு போயிரும்
என்றான் காளிதாஸ். பதினேழு வயது.
அதையே மூன்று முறை சொன்னான்.
என்னிடம் பேச அவனுக்கு வேறொன்றும் கிடைக்கவில்லை.

லகூன் நடுவில் படகு நின்றது.
நின்றது என்றால், உட்கார்ந்தது.
"வத்தம் எறங்கிருச்சு" என்றார் நெய்னா,
யாரோ வீட்டுக்குக் கிளம்பிப் போனதைச் சொல்வதுபோல்.
தண்ணி எப்போ ஏறும்?
"ஏறும்."

கிராபியில் பாறையிலிருந்து குதித்திருக்கிறேன்.
லொம்போக்கில் அலைப்பலகை பட்டு உதடு கிழிந்திருக்கிறது.
முழங்கால் தண்ணீரில்
நான்கு மணி நேரம் சும்மா இருந்ததில்லை.

அதோ தெரிகிற மணல்திட்டு வரை நடந்துவிடலாம் என்று
பையை மாட்டிக்கொண்டு இறங்கினேன்.
ஒரு கால் போனது.
மறுகால் அதைத் தேடிப் போனது.
குப்புற நான் விழுந்த சத்தத்துக்கு
கொக்குகள்கூட எழும்பவில்லை.
காளிதாஸ் துடுப்பை நீட்டினான்.
நெய்னா சிரிப்பை அடக்க
தொப்பியைக் கழற்றினார், மாட்டினார், கழற்றினார்.

ஒரு செருப்பு இன்னும் அங்கேதான் இருக்கிறது.
நண்டு ஏதாவது குடிவந்திருக்கும்,
அட்வான்ஸ் இல்லாமல்.

இரவு நெய்னாவின் தங்கை வீட்டில் படுத்து எழுந்தால்
சபுராவின் முதல் கேள்வி:
"பசியாறுனியா?"

திரும்பிப் பார்த்தேன்.
சென்னையில் யாரும் அப்படிக் கேட்கவில்லை.
டிஃபன் ஆச்சா, சாப்டாச்சா, அவ்வளவுதான்.
காலையில் பசியாறுவது
எங்கள் கிள்ளான் பேச்சு மட்டும் என்றிருந்தேன்.
"நாங்க அப்புடித்தான் சொல்றது. நீங்களுமா?"
அதற்குமேல் நாங்கள் ஆராயவில்லை.
இடியாப்பம் ஆறிக்கொண்டிருந்தது.

உறையைத் திறந்தேன். உள்ளே அரை டம்ளர் ஆறு.
லோகேஸ்வரி, முனியாண்டியின் மகள்:
முகம் தப்பித்திருந்தது.
தாய்லாந்து முத்திரை இந்தோனேசியாவுக்குள் கசிந்து
இரண்டும் ஒரே ஊதா.

சபுரா ஒரு வார்த்தை பேசாமல் வாங்கிப்போய்
வெயிலில் விரித்த வலைமேல்
நெத்திலி வரிசைக்கு நடுவே பிரித்து வைத்தாள்.
பக்கத்துக்கொரு சிப்பி.
நெத்திலியைப் புரட்டும்போதெல்லாம்
அதையும் புரட்டினாள்.
காக்கை வந்தால் இரண்டுக்கும் சேர்த்து ஒரே "ச்சூ".

திருச்சி விமான நிலையம்.
அதிகாரி பக்கங்களைத் திருப்பினார், நிறுத்தினார்,
மூக்கருகே கொண்டுபோனார்.
என் பின்னால் வரிசை இருமியது.
எனக்குள் அபராதம், தூதரகம், அம்மா.

"நெத்திலியா?"
"ஆமா சார்."
"எந்தப் பக்கம்?"
"முத்துப்பேட்டை."
"நமக்கு அதிராம்பட்டினம்" என்றார்,
என்னிடம் இல்லை, பாஸ்போர்ட்டிடம்.

காய்ந்து சுருண்ட பக்கத்தை உள்ளங்கையால் நீவி
முத்திரையை மெதுவாக வைத்தார்,
மீனுக்கு வலிக்கும் என்பதுபோல்.